இருமலுக்குச் சீன மருந்துக்கடைக்குப் போகலாமா? போகலாம், ஆனால் எதையும் மறைக்காமல் சொல்லி வாங்குங்கள்

சிங்கப்பூருக்குப் புதுசு, இருமல் விடமாட்டேன் என்கிறது, கூட வேலை பார்க்கும் சீனத் தோழி மருந்துக்கடைக்குப் போகச் சொல்கிறாள், நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சொன்னவர்களில் ஒருவர் எல்லாமே ஏமாற்று வேலை என்கிறார். இன்னொருவர் புலி எலும்பு, காண்டாமிருகக் கொம்பு என்று ஆரம்பித்துவிட்டார். அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த இரண்டையும் மருந்தில் சேர்ப்பதைச் சீனாவே 1993இல் தடை செய்தது. உங்கள் அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழே இருக்கும் கடையில் விற்பது பெரும்பாலும் சாமந்திப்பூ, பேரீச்சை மாதிரி இருக்கும் சிவப்புப் பழம், காய்ந்த ஆரஞ்சுத் தோல். அந்தத் தோலை நீங்களே வீட்டில் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோ பாயோவுக்கு வந்தவள். நீங்களும் கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ வைத்திருப்பீர்கள், அடுத்து அதுக்கு இருமும் என்ற நினைப்பில்தான் சொல்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பாலர் பள்ளி போன சமயம். பகலெல்லாம் ஆடிக்கொண்டிருப்பான், ராத்திரி படுத்தால் வறட்டு இருமல். பாலிகிளினிக்கில், அதாவது இங்குள்ள அரசாங்க மருந்தகத்தில், பார்த்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வைரஸ்தான், தானாகப் போகும் என்றார்கள். சொன்னது சரிதான், ஆனால் ராத்திரி யார் தூங்குவது? பக்கத்து வீட்டில் ஹொக்கியன் பேசும் சீன ஆன்ட்டிக்குச் சுவர் வழியாகவே கேட்டிருக்கிறது. காலையில் வாசலில் வந்து நின்று என் மாமியாரிடம் மலாயில் பேசினார். மாமியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். பேரிக்காயை ஆவியில் வேகவைத்துக் கொடு, ஆனால் முதலில் கடைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்பதுதான் சேதி.

கடை என்றால் சின்னதுதான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறை, கையில் தூக்கிப் பிடிக்கிற தராசு, கட்டுக்கட்டாக ரோஸ் நிறக் காகிதம். கடைக்காரப் பெரியவர் எதையும் எடுக்கவில்லை. சளி வருகிறதா, வெள்ளையா மஞ்சளா, ராத்திரியா விடியற்காலையா, வெளிக்கி ஒழுங்காகப் போகிறானா என்று கேட்டுக்கொண்டே போனார். நாக்கை நீட்டச் சொன்னார். என் மகனுக்கு அதைவிட என்ன சந்தோஷம், நீட்டியவன் உள்ளே இழுக்கவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஜி6பிடி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவனுக்கு அது உண்டு. ரத்தச் சிவப்பணுவில் ஒரு என்சைம் குறைவு, சில பொருள் உள்ளே போனால் அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். சிங்கப்பூரில் 1965இலிருந்தே பிறக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சோதித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் தந்த பட்டியலில் பாச்சை உருண்டை, ஃபாவா பீன்ஸ் இவற்றோடு சில சீன மூலிகைகளும் இருந்தன: ஹுவாங் லியான், ஹனிசக்கிள் பூ, முத்துப் பொடி. இதில் ஹுவாங் லியான் மகா கசப்பு. ஒரு காலத்தில் சீன வீடுகளில் பிறந்த குழந்தைக்கே கொடுப்பார்கள். அதனால் காமாலை முற்றுகிறது என்ற பயத்தில் அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருளை 1978இல் இங்கே தடை செய்தார்கள். 2013இல்தான் தடையைத் தளர்த்தினார்கள், ஆனாலும் ஜி6பிடி உள்ளவர்களுக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்படியே இருக்கிறது.

நான் தலையாட்டியதும், அந்த ஹனிசக்கிள் பூ போட்ட குளிர்ச்சித் தேநீர்ப் பொட்டலத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சின்ன வெள்ளைப் பூண்டுப் பல் மாதிரி இருக்கும் சுவான் பெய் என்ற இருமல் கிழங்கு மட்டும் சில கிராம் நிறுத்து, நசுக்கி, மடித்துக் கொடுத்தார். காய்ச்சல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போ, என்னிடம் வராதே என்றும் சொன்னார். எங்கள் ஊரில் தெரிந்தவர் கடையில் காய்ச்சல் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கலர் கலராக மாத்திரை வெட்டிக் கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

பேரிக்காயின் தலைப்பக்கத்தை மூடி மாதிரி வெட்டி, நடுவில் விதையைத் தோண்டி எடுத்து, சுவான் பெய்யும் கொஞ்சம் கற்கண்டும் போட்டு மூடி, கிண்ணத்தில் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் ஆவி காட்ட வேண்டும். கிண்ணத்தில் இறங்கும் சாறுதான் முக்கியம். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இருமுற பிள்ளைக்குப் பழமா? நெஞ்சுல சளி கட்டிக்கும்டி." "வெந்த பழம்தானே அத்தை" என்றேன். அவர் பங்குக்கு மிளகுப் பாலும் கொடுத்தார். பிள்ளை இரண்டையும் குடித்தான். இருமல் போனது. எதனால் போனது என்று கேட்டுச் சண்டைக்கு வராதீர்கள், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். தொண்டை நனைந்தது, பிள்ளை தூங்கினான், நாங்களும் தூங்கினோம்.

சீன வைத்தியக் கணக்கில் வெள்ளைச் சளி, குளிர் நடுக்கம் என்றால் இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்தது. மஞ்சள் சளி, தொண்டை எரிச்சல் என்றால் இஞ்சி கூடாது, பேரிக்காய், சாமந்தி டீ. என் அம்மா எல்லாவற்றுக்கும் சுக்கு மிளகுதான்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆன்ட்டி மூலிகை காய்ச்சினால் காரிடார் முழுக்க அந்த வாடைதான், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும்தான். ஆனால் நாங்கள் வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் ஏஜென்ட் போனில் கேட்ட முதல் கேள்வி, "சமைப்பீர்களா?" இந்தியர்கள் என்றதும் வீடு போய்விட்டது என்பார்கள், மறுநாளும் அதே விளம்பரம் இருக்கும். ரசத்துக்குத் தாளிப்பது மட்டும் வீட்டுக்காரர்கள் மூக்கில் எப்படித்தான் ஏறுகிறதோ. அந்த ஆன்ட்டி என் மீன் குழம்பைக் கேட்டு வாங்கிப் போவார், அது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நிரூபித்தார்களா" என்று கேட்பவர்களுக்கு: மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் சீனப் பச்சிலையிலிருந்து வந்தது, அதற்காக 2015இல் சீன விஞ்ஞானி டூ யூயூவுக்கு நோபல் கிடைத்தது. அவருக்கு வழி காட்டியது கே ஹோங் என்ற பழைய சீன வைத்தியர் எழுதிய 4ஆம் நூற்றாண்டுக் குறிப்பு. அதில் இலையைக் கொதிக்கவைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. ஆனால் சோதனைக்கூடத்தில் பிரித்தெடுத்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் அது மருந்தானது. "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்பவர்களுக்கு: அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள சீன மூலிகை கலந்த உடல் மெலிவு மாத்திரையால் 1990களில் பெல்ஜியத்தில் எத்தனையோ பெண்களின் சிறுநீரகம் கெட்டது.

ஆகவே ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால் அதிமதுரம் போட்ட கஷாயத்தைத் தினமும் குடிக்காதீர்கள், அழுத்தம் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாங் குவாய், டான்ஷென் என்ற சீன மூலிகைகள் பக்கமே போகாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எந்த இருமல் பாகும் வேண்டாம். மூட்டுவலி ஒரே நாளில் போகும் என்று தெருவிலோ ஆன்லைனிலோ விற்பதை வாங்காதீர்கள், அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது இங்கே பல முறை பிடிபட்டிருக்கிறது. சீன வைத்தியரைப் பார்ப்பதென்றால் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், அதற்கு 2000இலேயே சட்டம் வந்துவிட்டது. கையில் காசில்லை என்றால் தோங் சாய் மருத்துவமனை இருக்கிறது, 1867இல் தொடங்கியது, இனம் பார்க்காமல் இலவசமாகப் பார்க்கிறார்கள். இருமல் மூன்று வாரம் தாண்டினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ பேரிக்காயை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

பேரிக்காய் வாங்கும்போது பச்சைத் தோல், நீளக் கழுத்து உள்ளதை எடுக்காதீர்கள், வெந்ததும் குழைந்துவிடும். மஞ்சள் தோலில் பொடிப் புள்ளி இருக்கும், சீனாவிலிருந்து வருவது, மார்க்கெட்டில் வலைப்பையில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்திருப்பார்கள், அதுதான்.