தேங்காய் எண்ணெய் போட்ட ரைஃபிள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். டாலஸ் பக்கம் வந்து ஒன்றரை வருஷம், எச்-1பி விசா. ஆபீஸ் நண்பரோடு மான் வேட்டைக்குப் போகலாம் என்று ஹன்டர் எஜுகேஷன் முடித்து லைசென்ஸ் எடுத்தீர்கள், போக வாய்க்கவில்லை. சுடப் பழகலாம் என்று புதிதாக ஒரு ரூகர் 10/22 வாங்கினீர்கள், .22 என்கிற சின்னத் தோட்டா போடுகிற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். ரேஞ்சில், அதாவது சுடப் பழகுகிற இடத்தில், இரண்டு ரவுண்டு ஒழுங்காகப் போகிறது, மூன்றாவதில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு பாதி வெளியே வந்து குத்துக்கல் மாதிரி நிற்கிறது. சில சமயம் டிரிக்கரை அழுத்தினால் வெறும் 'டிக்'. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: வேட்டைக்கே போகாதவனுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கிற செலவு எதற்கு?

அந்தப் 'போகிற போக்கு' கேள்வியைப் படித்ததும்தான் எனக்குப் பகீரென்றது. அதனால் அதற்கு முதல் பதில்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 எல்லாம் நான்-இமிகிரன்ட் விசா, அதாவது தற்காலிகமாகத் தங்க வருகிறவர்களுக்கானது. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே ஃபெடரல் குற்றம். 10 வருஷமாக இருந்த அதிகபட்ச சிறையை 2022இல் 15 ஆக்கிவிட்டார்கள். இதற்கு இருக்கிற சில விதிவிலக்குகளில் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது, அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத ஹன்டிங் லைசென்ஸ் கையில் இருப்பது. கடையில் நீங்கள் நிரப்பிய 4473 படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது, லைசென்ஸைக் காட்டியதால்தான் உங்களுக்கு விற்றார்கள். டெக்சஸ் லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 வரைதான். வேட்டைக்குப் போனீர்களா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் செப்டம்பர் 1 அன்று காலையில் புது லைசென்ஸ் இல்லாமல் அந்த ரைஃபிள் உங்கள் அலமாரியில் இருந்தால் அதுவே குற்றம். ஆகஸ்ட் நடுவிலேயே அடுத்த வருஷத்து லைசென்ஸ் விற்பனைக்கு வந்துவிடும், அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று. உங்கள் ரூம்மேட் எஃப்-1, அதாவது மாணவர் விசா, என்று எழுதியிருந்தீர்கள். ரேஞ்சுக்குக் கூட வந்தால் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருடா" என்று அவர் கையில் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத அவர் அதைப் பிடிப்பதே சட்டப்படி 'வைத்திருப்பது'தான், கொடுத்த உங்கள் தலையும் உருளும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. நான் 2012இல் கார்டு கைக்கு வரும்வரை துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. தைரியம் இல்லாததுதான் காரணம், ஆனால் நல்ல காரணம்.

இனி ரைஃபிள். திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். 10/22 என்பது 1964 முதல் விற்கிற சாமான், பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை இங்கே பாதிப் பேர் அதில்தான் பழகுகிறார்கள். நீங்கள் எழுதியதில் மூன்று இடத்தில் எனக்குச் சந்தேகம், மூன்றும் துப்பாக்கிக்கு வெளியே இருக்கிறது.

கல்லூரியில் என்சிசியில் இருந்தேன் என்றீர்கள். அங்கே நாம் சுட்ட .22 ரைஃபிளில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நம் கைதான் போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் குழலை மூடுகிற இரும்புத் துண்டு) இழுத்துத் தள்ளும். தோட்டா நோஞ்சானாக இருந்தாலும், உள்ளே அழுக்கு அடைந்திருந்தாலும், ஒரு அழுத்து அழுத்தினால் வேலை நடந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கை இல்லை. குண்டு முன்னால் போகிறபோது காலிக் கூடு பின்னால் உதைக்கிறது, அந்த உதையில்தான் போல்ட் பின்னால் ஓடி, கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை, தோட்டாக்களை நிரப்பி மாட்டுகிற மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. 10/22இல் போல்ட்டைப் பூட்டி வைக்கிற அமைப்பே கிடையாது. அதன் கனமும் ஒரு ஸ்பிரிங்கும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. சுண்டுவிரல் நுனி அளவு தோட்டா, அதில் இருப்பதோ ஒரு சிட்டிகை மருந்து. அந்தச் சிட்டிகையின் பலத்தில் யாராவது பங்கு கேட்டால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும், கூடு வாசலில் மாட்டிக்கொள்ளும். ஆகவே பங்கு கேட்பது யார் என்றுதான் தேட வேண்டும்.

முதல் ஆள் தோட்டாவே. "சத்தம் கம்மியாக இருக்கட்டும் என்று சப்சானிக் வாங்கினேன்" என்று எழுதியிருந்தீர்கள். சப்சானிக் என்றால் ஒலியைவிட மெதுவாகப் போவது, உதையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். புது ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும் துப்பாக்கிக்கு அது போதாமல் போவது சகஜம். டப்பாவில் 40 கிரெய்ன் (அது குண்டின் எடை), நொடிக்கு 1,200 அடிக்கு மேல் என்று அச்சிட்ட 'ஹை வெலாசிட்டி' டப்பா ஒன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். முதல் சில நூறு ரவுண்டு அதிலேயே போகட்டும். காது பயம் என்றால் நல்ல இயர்மஃப் வாங்குங்கள், தோட்டாவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது ஆள் எண்ணெய். இங்கே என் வண்டவாளத்தைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி வாங்கிய முதல் குளிர்காலம், சனிக்கிழமை காலை ரேஞ்சுக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் கன் ஆயில் பாட்டில் காலி. வீட்டில் தையல் மெஷினுக்கு, கதவுக் கீலுக்கு, பாட்டி தலைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் போட்டு வளர்ந்தவன் நான். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு எடுத்து போல்ட் மேல் விட்டேன். வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் வழுவழுவென்று ஓடியது. திறந்தவெளி ரேஞ்ச், வெளியே 4 டிகிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கிய எவனுக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. முதல் ரவுண்டு போனது. போல்ட் ஆடி அசைந்து, கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் எழுந்திருப்பது போல, பாதி வந்து நின்றது. கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மெழுகு படிந்திருக்கிறது. பக்கத்து மேடையில் இருந்த பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, "கேக் வாசனை வருதே" என்றார். அன்றைக்கு மீதி நேரம் அவர் சுடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

உங்கள் விஷயத்தில் தேங்காய் எண்ணெய் இல்லை. ஆனால் "டப்பாவைப் பிரித்து நேராக ரேஞ்சுக்குப் போனேன்" என்கிறீர்கள். புதுத் துப்பாக்கி துரு பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் ஒரு காப்பெண்ணெய் பூசி அனுப்புவார்கள். அது ஓட்டத்துக்கான எண்ணெய் அல்ல, துடைத்தெடுக்க வேண்டியது. கையேட்டில் அப்படித்தான் இருக்கும், யார் படிக்கிறார்கள்!

மேகசினை வெளியே எடுங்கள். போல்ட்டை இழுத்துத் திறந்து, சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காருகிற இடம், காலி என்று கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். மேசை மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, டப்பா அடுத்த அறைக்குப் போகட்டும். பிறகு கழற்றலாம். கட்டைக்கு, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற பகுதிக்கு, அடியில் ஒரு ஸ்க்ரூ. குழலைச் சுற்றி முன்னால் ஒரு வளையம் இருக்கிற மாடல் என்றால் அதன் ஸ்க்ரூவையும் தளர்த்த வேண்டும். சேஃப்டி பொத்தானை நடுவில் நிறுத்தினால்தான் இயந்திரம் கட்டையிலிருந்து வழுக்கி வரும், இல்லையென்றால் மாட்டும். அதற்குமேல் பின்களைத் தட்டி போல்ட்டை எடுப்பது கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்கிற வேலை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பறக்கும். 10/22இன் பின்பக்கம் மூடியிருப்பதால் குழலைப் பின்னாலிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வழியில்லை. என்சிசியில் செய்தது போலக் கயிறு விட்டு இழுக்கிற புல்-த்ரூதான் தோது. அதே துணிச் சுருள், இங்கே விலைதான் அதிகம். போல்ட் முகத்தில் கூட்டைக் கொக்கி போட்டு இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு சிறு பல் இருக்கும். அதன் அடியில் கரியும் மெழுகும் அடைந்தால் கூடு சேம்பரிலேயே தங்கிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் அங்கே தேயுங்கள். துடைத்த பிறகு போல்ட் உரசுகிற பக்கங்களில் கன் ஆயில் ஒவ்வொரு சொட்டு. மினுமினுப்பு தெரிந்தால் போதும், வழிந்தால் அதிகம். .22 தோட்டா மேலேயே மெழுகு பூச்சு இருக்கும், அது கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்தால் வண்டி மை மாதிரி ஆகிவிடும்.

ட்ரிக்கர் உள்ளே எதையும் அரத்தால் தேய்க்க வேண்டாம். வீடியோவில் எளிதாகத்தான் தெரியும். அது துப்பாக்கி பழுது பார்க்கிற கன்ஸ்மித்தின் வேலை.

மூன்றாவது ஆள் நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். மேகசின் போட்டதும் போல்ட் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக முன்னால் கொண்டுபோய் விடுகிறீர்களா? புதுச் சாமானை நோகடிக்கக் கூடாது என்று நம்மவர்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் போல்ட் முழுதாக மூடாமல் ஒரு மயிரிழை நின்றுவிடும், ட்ரிக்கர் அழுத்தினால் அடி சரியாக விழாது. கடைசிவரை இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். அதுவே போய் அறையட்டும். அந்தக் கைப்பிடி ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும், மணல் மூட்டையோ கட்டைவிரலோ வழியில் உரசினாலும் அதுவும் பங்கு கேட்கிற ஆள்தான்.

'டிக்' சத்தத்துக்கு வருகிறேன். பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். 10/22இல் தோட்டா தீர்ந்தால் போல்ட் தானாகத் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். அடுத்த அழுத்தலுக்கு 'டிக்'தான் வரும். இதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடுவில் வந்தால் வேறு கதை. ரைஃபிளை அசைக்காமல், முனை இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி காத்திருங்கள், சில சமயம் தாமதமாக வெடிக்கும். பிறகு போல்ட்டைத் திறந்து, விழுந்த தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். ஆழமாகத் தழும்பு விழுந்திருந்தால் தோட்டா மேல் குற்றம், .22இல் விளிம்பு முழுக்க வெடிமருந்து சீராகப் பரவாமல் போவது உண்டு. லேசான கீறல்தான் என்றால் போல்ட் முழுதாக மூடவில்லை அல்லது உள்ளே அழுக்கு.

'டிக்'கைவிட நான் பயப்படுவது 'புஸ்'. எப்போதும் கேட்கிற சத்தம் இல்லாமல் நமத்த பட்டாசு மாதிரி ஒன்று கேட்டால் அன்றைக்குக் கடை கட்டுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். மேகசினை எடுத்து, காலியாக்கி, ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அதைச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

இன்னும் ஓர் ஆள் பாக்கி, மேகசின். உள்ளே சுழல்கிற சக்கரத்தில் மெழுகு அடைந்தால் தோட்டா மேலே எழும்பி வராது, போல்ட் அதன் தலைமேல் ஓடிப் போய்விடும். உங்களிடம் இரண்டு மேகசின் இருக்கிறதே, அடியில் மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். சிக்குவதெல்லாம் 2இல்தான் என்றால் ரைஃபிளைக் கழற்றவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோட்டா, எண்ணெய், மேகசின் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு அண்ணா" என்றால், அடுத்த தடவை சிக்கும்போது மறுபடியும் எனக்குத்தான் எழுதுவீர்கள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. .22 குண்டு பெரும்பாலும் ஈயம், புகையிலும் ஈயம். வண்டியில் முறுக்கு டப்பாவைத் திறக்காதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். ரேஞ்சுக்கு எடுத்துப் போன அந்தப் பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். சட்டை ஜேபியை, ஜாக்கெட் மடிப்பை எல்லாம் உதறிப் பாருங்கள். ஒரே ஒரு .22 தோட்டா பை ஓரத்தில் கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். தெரியாமல் வந்தது என்று கோர்ட்டில் நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் லீவு முடிந்து, டிக்கெட் போய், ஆபீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் ரேஞ்சுக்கென்றே கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுப் பை வைத்திருக்கிறார், அதை யாரும் ஊருக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.

இந்தச் சனிக்கிழமை 50 ரவுண்டு ஹை வெலாசிட்டி, துடைத்த போல்ட், முதலில் 1ஆம் நம்பர் மேகசின். எந்த ரவுண்டில் எப்படிச் சிக்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து அனுப்புங்கள். கூடு வாசலில் நின்றதா, உள்ளேயே தங்கியதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.