பிஓஎல்ஆர்2ஏ மரபணுவும் ஆர்பிபி1 புரதமும்: ஆய்வக மேசையிலிருந்து கேள்வி பதில்

கேள்வி: இந்த மரபணு எந்தத் துணை அலகைத் தருகிறது? டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ உருவாக்கும் நொதிகளான மூன்று ஆர்என்ஏ பாலிமரேஸ்களுக்கும் இது பொதுவா?

இல்லை, இரண்டாம் பாலிமரேஸுக்கு மட்டுமே உரியது. அந்த நொதியின் 12 துணை அலகுகளில் மிகப் பெரியதான ஆர்பிபி1 இதிலிருந்து வருகிறது: 1970 அமினோ அமிலங்கள், சுமார் 217 கிலோடால்டன். மூன்றுக்கும் பொதுவானவை பிஓஎல்ஆர்2 வரிசையில் இ, எஃப், எச், கே, எல் ஆகிய ஐந்தும்தான். பெயரில் உள்ள 2-ஐ நம்பி அவற்றில் ஒன்றைக் குறைத்தால் ரைபோசோம் ஆர்என்ஏவும் சேர்ந்தே அடிவாங்கும்.

ஆர்பிபி1-இன் சி-முனை வாலை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு அமினோ அமிலத் தொடர் ஒன்று அங்கே 52 முறை அடுக்கி வருகிறது. படியெடுப்பு (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாக்குவது) தொடங்கும்போது தொடரின் 5-ஆம் இடத்து செரினிலும், ஆர்என்ஏ நீளும்போது 2-ஆம் இடத்து செரினிலும் பாஸ்பேட் ஏறுகிறது. ஆய்வகத்தில் வரும் தலைவலிகளில் பாதி இந்த வாலால் வருபவை.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) ஒருமுறை இரண்டு பேண்டு வருகிறது, மறுமுறை ஒன்றுமே இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

ஆன்டிபாடியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். இரண்டு பேண்டு வருவதுதான் சரி. பாஸ்பேட் ஏறாத வடிவம் 220 கிலோடால்டன் அருகிலும், நிறைய ஏறியது 240 அருகிலும் நிற்கும்.

ஒன்றுமே வராததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, செல்லை உடைக்கும் விதம். இந்தப் புரதத்தின் பெரும்பகுதி குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த கட்டு) ஒட்டியிருக்கிறது. மென்மையான பஃபரில் உடைத்துச் சுழற்றினால் அடியில் படியும் வண்டலோடு போய்விடும். 2% எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற வேதிப்பொருள்) கலந்த சூடான பஃபரை நேரடியாகச் செல்கள் மேல் ஊற்றி, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அலையால் சிதறடியுங்கள்). பாஸ்பேட்டை உரிக்கும் நொதிகளும் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபர், அதாவது புரதத்தை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றுவது. இவ்வளவு பெரிய புரதம் 15 நிமிட செமி-டிரை முறையில் ஜெல்லை விட்டு வெளியே வராது. 6% ஜெல்லில், 100 கிலோடால்டன் மார்க்கர் அடியைத் தொடும்வரை ஓட்டுங்கள். அப்போதுதான் இரண்டு பேண்டும் பிரியும். பிறகு ஈர முறையில், மெத்தனாலை 10 சதவீதமாகக் குறைத்து, 4 டிகிரியில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும் விடுங்கள். பிளாக் செய்ய (ஆன்டிபாடி சவ்வில் கண்டபடி ஒட்டாமல் தடுக்க) மாட்டு சீரப் புரதமான பிஎஸ்ஏ 5% போதும். பால்பொடியின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பாஸ்பேட் ஏறிய வடிவத்தைப் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடிகளோடு அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: மருந்து கொடுத்த செல்களில் 8டபிள்யூஜி16 ஆன்டிபாடியின் சிக்னல் பாதியாகிவிட்டது. ஆர்பிபி1 சிதைந்துவிட்டது என்று எழுதலாமா?

அவசரப்பட்டு எழுதாதீர்கள். அந்த ஆன்டிபாடி பாஸ்பேட் ஏறாத வாலையே விரும்பிப் பிடிக்கும். புரதம் அப்படியே இருந்து, பாஸ்பேட் மட்டும் கூடினாலும் சிக்னல் இறங்கும். என்-முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் மொத்த அளவைத் தனியாகப் பாருங்கள். அதுவும் இறங்கினால் மட்டுமே சிதைவு. ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கும் சிப் சோதனையிலும் இதே தவறு நடக்கிறது: மரபணுவின் உடல் பகுதியில் பாலிமரேஸ் இருந்தும் 8டபிள்யூஜி16 குறைத்தே காட்டும்.

கேள்வி: ஆல்ஃபா அமனிடின் (நச்சுக்காளானின் நஞ்சு) கொடுத்து 1 மணி நேரத்தில் பார்த்தேன், மாற்றமே இல்லை.

அது செல்லுக்குள் மெதுவாகத்தான் நுழையும், பல மணி நேரம் பிடிக்கும். நுழைந்தபின் ஆர்பிபி1-ஐ முடக்குவதோடு அதன் சிதைவையும் தூண்டும். சீக்கிரம் நிறுத்தி, பிறகு கழுவி மீட்கவும் வேண்டுமானால் படியெடுப்பைத் தடுக்கும் டிஆர்பி என்ற மருந்து, 100 மைக்ரோமோலார் அளவில், பொருத்தம். ஆனால் அது பாஸ்பேட் ஏற்றும் நொதியான சிடிகே9-ஐத் தடுத்து நீட்சியை நிறுத்துகிறது, தொடக்கத்தை அல்ல.

ஆர்பிபி1-இல் தாங்களே மாற்றங்கள் செய்து ஆராய்பவர்களுக்கு அமனிடின் பெரிய உதவி. என்792டி மாற்றம் (792-ஆம் இடத்து அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறியது) உள்ள ஆர்பிபி1 அதைத் தாங்கும். உங்கள் மாற்றத்தை அதன் மேல் அமைத்து, செல்லுக்குள் செலுத்தி, 2 மைக்ரோகிராம்/மிலி அளவில் அமனிடின் கொடுத்தால் செல்லின் சொந்த ஆர்பிபி1 ஒழியும், நீங்கள் செலுத்தியது நிற்கும். என்792டி இல்லாத கட்டமைப்பையும் கூடவே வையுங்கள். அந்தச் செல்கள் சாகவில்லை என்றால் மருந்தளவு போதவில்லை.

கேள்வி: மரபணு வெளிப்பாட்டை அளக்கும் கியூபிசிஆரில் இதை ஒப்பீட்டு மரபணுவாக வைக்கலாமா?

குறைவாக வெளிப்படும் மரபணுக்களை அளக்கும்போது மிக ஏராளமாக இருக்கும் 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவை விட நல்ல தேர்வு, இதன் அளவு அந்த மரபணுக்களின் அளவுக்கு அருகே இருக்கும். படியெடுப்பைத் தடுக்கும் மருந்துச் சோதனையில் வேண்டாம். புற்றுநோய் செல்களிலும் கவனம்: இது 17-ஆம் குரோமோசோமின் 17பி13.1 பகுதியில், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவுக்கு அருகே இருப்பதால், அந்தத் துண்டு இழக்கப்படும்போது இதன் ஒரு பிரதியும் போய்விடுவது உண்டு.

கேள்வி: தசைத் தளர்ச்சியுள்ள குழந்தையின் எக்ஸோம் (புரதம் தரும் டிஎன்ஏ பகுதிகளை வாசிக்கும் சோதனை) அறிக்கையில் இந்த மரபணுவில் ஒரு மிஸ்சென்ஸ் (ஒரு அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றம்), "முக்கியத்துவம் தெளிவில்லை" என்று. அடுத்து என்ன?

பெற்றோர் இருவரின் மாதிரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2019-இல் விவரிக்கப்பட்ட நரம்பு வளர்ச்சிக் கோளாறில், குழந்தைப் பருவத் தசைத் தளர்ச்சியோடு, பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றிய மாற்றங்களே காணப்பட்டன. நலமாக உள்ள தாயிடமோ தந்தையிடமோ அதே மாற்றம் இருந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும். இருவரிடமும் இல்லை என்றால், மாதிரிகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மரபியல் மருத்துவரிடம் மறுவகைப்படுத்தக் கொடுங்கள்.