'ஃபாஸ்ட்' என்பது ஓடுவதா, நிற்பதா?

கேள்வி: 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்கிறார்கள். உண்ணாநோன்பையும் 'ஃபாஸ்ட்' என்கிறார்கள். தூங்குகிறவரிடமும் பட்டினி கிடக்கிறவரிடமும் என்ன வேகம் இருக்கிறது?

பதில்: வேகம் இல்லைதான், உறுதி இருக்கிறது. இறுகப் பிடித்து அசையாமல் நிற்பது என்பதே அந்தச் சொல்லின் மூத்த பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் வழங்கியது. உறக்கம் ஒருவரை இறுகப் பற்றியிருப்பதால் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. பிடியைத் தளரவிடாமல் இருப்பது 'ஹோல்ட் ஃபாஸ்ட்'. பெல்ட்டை மாட்டி இறுக்குவது 'ஃபாஸன்'. எழுத்தில் இருக்கும் 'ட்' இந்தக் கடைசிச் சொல்லில் ஒலிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். நோன்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உணவைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை உறுதியாகப் பிடித்துக்கொள்வதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. இரவு முழுதும் நீண்ட அந்த உண்ணாமையைக் காலையில் முறிப்பதால்தான் காலை உணவுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர்.

அசையாமல் நிற்பதைக் குறித்த சொல் விரைந்து ஓடுவதைக் குறிக்கத் தொடங்கியது எப்படி என்பதுதான் இதில் சுவையான பகுதி. வினையோடு சேரும்போது அது 'உறுதியாக' என்பதிலிருந்து 'வலுவாக', 'முழுமூச்சாக' என்று விரிந்தது. முழுமூச்சாக ஓடுகிறவர் விரைவாகத்தானே ஓடுவார்? அப்படி வினைக்கு அடையாக வந்த வேகப்பொருள், பிறகு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வந்து அமர்ந்துகொண்டது. இது நமக்குப் புதிதன்று. வன்மையைக் குறிக்கும் 'வல்' பழந்தமிழில் 'வல்லே' என்றாகும்போது 'விரைவாக' என்று பொருள் தருகிறது. கடுமையின் உறவான 'கடுகுதல்' விரைதலைக் குறிக்கிறது. ஜெர்மன் மொழியில் மட்டும் இதே சொல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அங்கே 'ஃபெஸ்ட்' என்றால் உறுதி, 'ஃபாஸ்ட்' என்றால் 'ஏறக்குறைய'.

இரண்டு பொருளும் இன்றும் அருகருகே உயிரோடு இருப்பதால் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். படகு 'மேட் ஃபாஸ்ட்' என்று படித்தால், அது கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கும் போகாது என்று பொருள். துணியின் சாயம் 'ஃபாஸ்ட்' என்றால் அது துவைத்தாலும் போகாது; சாயம் கரைவதை ஆங்கிலத்தில் 'ரன்' என்பதால், 'ஃபாஸ்ட்' ஆனது ஓடாது என்ற வேடிக்கையும் இங்கே நடக்கிறது. புகைப்படக் கலையில் 'ஃபாஸ்ட் ஃபிலிம்' என்பது ஒளியை எளிதில் உணரும் படச்சுருளைக் குறிக்கும்: ஒளியை உணரும் திறனை ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணால் அளப்பார்கள்; ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு வேண்டிய நேரத்தில் கால் பங்கு ஐ.எஸ்.ஓ. 400 சுருளுக்குப் போதும். 'ஃபாஸ்ட் பிரீடர்' அணு உலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அது எரிபொருளை வேகமாகப் பெருக்குவதால் அந்தப் பெயர் என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே வேகம் உலைக்கு உரியதன்று, அணுவைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்களுக்கு உரியது; வேறு பல உலைகளில் செய்வதைப் போல அவற்றின் வேகத்தை மட்டுப்படுத்தாமல் அப்படியே பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: 'ஃபாஸ்ட்', 'குவிக்' இரண்டும் ஒன்றுதானா?

பதில்: பல இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்று நிற்கும், ஆனாலும் சாயல் வேறு. நகர்வின் வேகத்தைச் சொல்ல 'ஃபாஸ்ட்', சிறிது நேரத்தில் முடிந்துவிடுவதைச் சொல்ல 'குவிக்'. எனவே கார் 'ஃபாஸ்ட்', பதில் 'குவிக்'. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவது 'குவிக் டிரிங்க்'. அதை 'ஃபாஸ்ட் டிரிங்க்' என்று யாரும் சொல்வதில்லை. 'குவிக்' என்பதற்கும் ஒரு பழைய பொருள் உண்டு, அது 'உயிருள்ள'. பாதரசத்தை 'குவிக்சில்வர்' என்றது, அது உயிருள்ளதைப் போல உருண்டோடும் வெள்ளி என்பதால்தான்.

கேள்வி: என் கடிகாரம் 5 நிமிடம் 'ஃபாஸ்ட்' என்றால் அது வேகமாக ஓடுகிறது என்று பொருளா?

பதில்: அவசியமில்லை. சரியான நேரத்தைவிட 5 நிமிடம் முன்னால் காட்டுகிறது என்பது மட்டுமே அதன் பொருள். நீங்களே வேண்டுமென்று முள்ளை முன்னால் தள்ளி வைத்திருந்தால், அது சரியான வேகத்தில் ஓடிக்கொண்டே 'ஃபாஸ்ட்' ஆகவும் இருக்கும். நாளுக்கு நாள் முந்திக்கொண்டே போகிற கடிகாரத்தை 'ரன்ஸ் ஃபாஸ்ட்' என்று சொல்வார்கள்.

கேள்வி: 'ஃபாஸ்ட்லி' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதே சரி. 'ஃபாஸ்ட்' தானே வினையடையாகவும் நிற்கும். அதற்கு 'லி' சேர்த்தே தீர வேண்டும் என்று தோன்றினால் 'குவிக்லி' இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.