சைடுகாரைக் கழற்றலாமா?

வணக்கம் சார்,

போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்த 1969 மாடல் புல்லட் 350 ஒன்றை சைடுகாரோடு வாங்கினேன். பல வருடமாக ஓடாத வண்டி. டேங்க் உள்ளே துரு, கிக்கர் இறங்கவில்லை, சைடுகாரின் தரைத்தகடு ஓட்டை. ஆர்சி புத்தகம் இருக்கிறது. எங்கள் மெக்கானிக், "சைடுகாரைக் காயலான் கடைக்குப் போடுங்க, புல்லட்டை மட்டும் மொத்தமா பிரிச்சு பெயின்ட் அடிச்சுப் புதுசாக்கித் தர்றேன்" என்கிறார். அம்மாவோ, சைடுகார் வண்டி குடைசாயும் என்று பயப்படுகிறார். நான் வாங்கியதே சைடுகாருக்காகத்தான். எங்கிருந்து தொடங்குவது?

எம்., தாராபுரம்

அன்புள்ள எம்.,

உங்கள் மெக்கானிக் மேல் தப்பில்லை. புல்லட் எஞ்சின் தெரிந்தவர் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் வண்டி தயாரான காலம் முதல் அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டு வந்த எஞ்சின் அது. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. பிஸ்டன், வால்வு, பேக்கிங் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். சைடுகாரைச் சரியாக மாட்டத் தெரிந்தவர்கள்தான் அருகிப்போனார்கள். தெரியாத வேலையை எடுப்பதைவிடக் காயலான் கடை அவருக்குச் சுலபம்.

அதனால் நீங்கள் எல்லோரும் தொடங்குகிற இடத்தில் தொடங்காதீர்கள். முதலில் எஞ்சின் இல்லை, பெயின்ட் கண்டிப்பாக இல்லை. புல்லட்டும் சைடுகாரும் சேரும் இடங்களைப் பாருங்கள்.

ரஷ்யாவின் எம்-72 மாதிரியான வண்டிகளில், பி.எம்.டபிள்யூ ஆர்71 வழி வந்தது அது, சைடுகார் மாட்டும் இடங்கள் சேசிஸிலேயே பிறப்பில் இருக்கும். புல்லட்டில் அப்படிக் கிடையாது. கிளாம்ப் போட்டுத்தான் பிடித்திருப்பார்கள், பெரும்பாலும் நான்கு இடங்களில். ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய மாதிரி செய்திருக்கும். இன்னொரு சங்கதி: புல்லட் சேசிஸில் முன்குழாய் கீழே இறங்கி எஞ்சினோடு முடிந்துவிடும். அடியில் குழாய் ஓடாது, எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் அங்கே பாலம். முன்பக்கக் கீழ் கிளாம்ப் இழுக்கிற இழுப்பெல்லாம் கடைசியில் எஞ்சின் போல்ட்டுகளில் போய் நிற்கும். அந்தப் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ மேலே என்ன பளபளப்பு ஏற்றியும் பிரயோஜனமில்லை.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிளாம்ப்பையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தப் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்பது வரைக்கும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்ததா என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் எங்கே இருந்தது என்று தெரியும். அப்புறம் கம்பி பிரஷ் போட்டு, வெல்டிங் ஓரங்களையும் கிளாம்ப் உட்கார்ந்திருந்த குழாயையும் தேய்த்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். சைடுகார் சேசிஸ் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், 'டிங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டொப்' என்று மாறினால் அந்தத் துண்டை வெட்டிப் போட வேண்டியதுதான். தரைத்தகடு ஓட்டை பெரிய விஷயமே இல்லை, டிங்கரிங்காரருக்குச் சின்ன வேலை.

சக்கரங்களையும் இதே கையோடு பாருங்கள். தனி பைக் வளைவில் சாயும், சைடுகார் வண்டி சாயாது. வளைவின் பாரம் முழுக்கப் பக்கவாட்டில் ஸ்போக்ஸ் கம்பிகள் மேல் விழும். துரு ஏறிய பழைய கம்பிகளை நம்ப வேண்டாம், மூன்று சக்கரத்துக்கும் புதுசாகக் கட்டச் சொல்லுங்கள். கியர் பாக்ஸின் முன் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், எத்தனை பல் என்றும் எண்ணுங்கள். வழக்கமானதைவிடக் குறைவாக இருந்தால், சைடுகாரின் எடையை இழுக்க யாரோ யோசித்து மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் கிளாம்ப் வேலையையும் ஒழுங்காகச் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

திரும்ப மாட்டும்போது மூன்று அளவுகள் முக்கியம். சைடுகார் சக்கரத்தின் ஆக்சில், புல்லட்டின் பின் ஆக்சிலுக்கு நேராக இருக்கக் கூடாது. நான்கைந்து அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும். அடுத்தது, சைடுகார் சக்கரம் முன்பக்கம் சற்றே புல்லட்டை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் நீள அலுமினியச் சட்டம் இரண்டு வாங்கி, ஒன்றைப் புல்லட்டின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டி, இன்னொன்றை சைடுகார் சக்கரத்தை ஒட்டி, சமதரையில் வையுங்கள். முன்னால் இருக்கும் இடைவெளி பின்னால் இருப்பதைவிட அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை குறைவாக வர வேண்டும். மூன்றாவது, புல்லட் சைடுகாரை விட்டு வெளிப்பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த நிலையில் பார்க்கும் அளவு இது, வெறும் வண்டியில் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஓட்டிப் பார்த்து ஒரே வேகத்தில் போகும்போது இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் வெளிச்சாய்வைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆனால் ஆக்சிலேட்டர் முறுக்கினால் இடப்பக்கமும், பிரேக் பிடித்தால் வலப்பக்கமும் இழுப்பது கோளாறு இல்லை. பாரம் ஒரு பக்கம், இழுப்பு இன்னொரு பக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும். பழைய சைடுகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கும் கிடையாது.

அம்மா சொல்வதில் பாதி நிஜம். இடது வளைவில், அதுவும் காலி சைடுகாரோடு வேகமாகத் திரும்பினால், சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தனி புல்லட் ஓட்டிப் பழகியவர் அந்த நேரத்தில் வழக்கப்படி வண்டியைச் சாய்க்கப் பார்ப்பார், அது சாயாது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். இதைக் கைக்கும் தோளுக்கும் பழக்குவதுதான் முதல் பாடம். சைடுகாரில் நாற்பது கிலோ மணல் மூட்டை கட்டி, காலி மைதானத்தில் இடப்பக்கமாக மெதுவாக வட்டமடித்துப் பழகுங்கள். பிறகுதான் ரோடு. அதிலும் ஐம்பதுக்கு மேல் அந்த வண்டியைக் கேட்காதீர்கள், அது சொந்தமாகவே மூச்சு வாங்கும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மெக்கானிக்குத் தெரியும். கிக்கர் இறங்கவில்லை என்பதற்காக அதன் மேல் ஏறி மிதிக்காதீர்கள், உள்ளே பல் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பிடித்திருந்த பிஸ்டன் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். புல்லட்டுக்குத் தனி ஆயில் டேங்க் இல்லை, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸிலேயே ஒரு அறை. நெடுநாள் நின்ற வண்டியில் அந்த ஆயில் கிராங்க் இருக்கும் பக்கம் கசிந்து தேங்கும். ஆகவே ஆயிலை வடிக்கும் இரண்டு டிரெயின் பிளக்கையும் திறந்து சேற்றை எடுத்துவிட்டு, ஆயில் பம்ப்பும் ஃபில்டரும் சுத்தமான பிறகே ஸ்டார்ட் பண்ண முயலுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருப்பது மிதக்கும் புஷ், ஆயில் படலத்தில் சுழலும் வளையம் அது, அழுக்கு ஆயில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். எஞ்சின் ஓடி, சத்தத்தைக் கேட்ட பிறகு பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். கேட்காமலே மொத்தமாகப் பிரித்த வண்டிகள் கோணிப்பையில் அப்படியே தங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 2(27)-இன்படி, கழற்றக்கூடிய சைடுகார் மாட்டியிருந்தாலும் வண்டி மோட்டார் சைக்கிள்தான். ஆனால் உங்கள் ஆர்சியில் சைடுகார் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டியிருக்கும். 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவும் வாங்கலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ரோட்டில் ஓட்டக் கூடாது, மூல வடிவத்தையும் மாற்றியிருக்கக் கூடாது. டிஸ்க் பிரேக், 500 சிசி எஞ்சின் என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்துக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால், பழைய ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

கடிதத்தின் கூடவே, கறுப்பா மெரூனா என்று கேட்டு இரண்டு நிற மாதிரிகள் அனுப்பியிருக்கிறீர்கள். அவை இருக்கட்டும். முதலில் அந்த நான்கு கிளாம்ப்புகளின் படங்களை அனுப்புங்கள், முன்பக்கக் கீழ் கிளாம்ப் தெளிவாகத் தெரிகிற மாதிரி.