கணினிப் பக்கம்: கட்டுப்பாட்டைக் கூட்டினால் பழைய நிரல் தாங்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் சங்கத்தின் நன்கொடை, உறுப்பினர் கணக்குகளைப் பல ஆண்டுகளாக பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரல்தான் கவனித்துவருகிறது. இப்போது அதைப் பராமரிக்கும் இளைஞர்கள், எல்லாக் கோப்புகளிலும் ‘ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்’ அறிவிப்பை (தரவு எண்ணா எழுத்தா என்று வகையைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லும் வரியை) சேர்க்க வேண்டும் என்கிறார்கள். முதலில் எழுதிய பெரியவரோ, ஓடுகிற நிரலைத் தொடாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நான் இளைஞர்கள் பக்கம்தான், ஆனால் ‘எல்லாக் கோப்புகளிலும்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரிட்டோரியாவின் அஞ்சல் குறியீடு 0001. 2005இல் பிறந்த தென்னாப்பிரிக்கரின் 13 இலக்க அடையாள எண் 05 என்று தொடங்கும். முழு எண் கேட்கும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்றுக்கு இவற்றைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகக் கொடுத்தால், அந்த அறிவிப்பு இல்லாத தளர்வான முறையில் பி.எச்.பி. ஓர் எச்சரிக்கையும் இன்றி முன்னிற்கும் பூச்சியங்களை உதிர்த்துவிட்டு, குறியீட்டை 1 என்றும் அடையாள எண்ணை 12 இலக்கமாகவும் மாற்றிக்கொள்ளும். அறிவிப்பு உள்ள கண்டிப்பான முறையில் அதே இடத்தில் வகைப் பிழை எழும். பதிவேட்டில் தவறான எண் ஏறுவதைவிட நிரல் நின்றுபோவதே மேல்.

2015 டிசம்பரில் வெளிவந்த 7.0 பதிப்பு இந்த அறிவிப்பைக் கோப்புவாரியாக அமைத்தது. செயற்கூற்றை எழுதியவரின் கோப்பு அன்று, அதை அழைக்கும் கோப்பே கண்டிப்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே நீங்கள் ஒரு கோப்பைக் கண்டிப்பாக்கினாலும், அதை அழைக்கும் பழைய கோப்புகள் முன்போலவே ஓடும். பெரியவரின் அச்சத்துக்கு மொழியே சொல்லும் விடை இது. புதிய கோப்புகளிலும், பணம் கணக்கிடும் கோப்புகளிலும் முதலில் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். இணையப் படிவத்திலிருந்து வருவதெல்லாம் சரமாகவே வருவதால், அறிவிப்பைச் சேர்த்ததும் பிழைகள் குவியும். அவற்றை அடக்க, கண்ட இடத்திலெல்லாம் முழு எண்ணாக மாற்றும் கட்டளையை எழுதத் தோன்றும். ‘நூறு’ என்று ஒருவர் எழுத்தால் நிரப்பிய தொகையைத் தளர்வான முறைகூட ஏற்காமல் பிழை காட்டும். அந்தக் கட்டளையோ ஓசையின்றிப் பூச்சிய ராண்டாக்கிவிடும். இப்படிக் கிடைக்கும் கண்டிப்பு பழைய தளர்வைவிட மோசம். அறிவிப்பு ஒப்பீடுகளைத் தொடாது என்பதும் நினைவிருக்கட்டும்: ‘0001’, ‘1’ என்ற இரு சரங்களும் இரட்டைச் சமக்குறிக்கு (==) இன்றும் சமமே, அவ்விடங்களில் மூன்று சமக்குறி (===) வேண்டும்.

கேள்வி: பழையதைக் காக்கும் அதே மொழி, 8ஆம் பதிப்பில் ஒப்பீடுகளின் விடையையே மாற்றிவிட்டதாமே?
– அதே வாசகர்

பதில்: உண்மைதான். பூச்சியமும் ‘abc’ என்ற சரமும் சமம் என்று முன்பு விடை வரும். 2020 நவம்பரில் வெளிவந்த 8.0 முதல் சமமில்லை என்றே வருகிறது. கோப்புவாரியான விருப்பம் எதுவும் இதற்குத் தரப்படவில்லை, தந்திருக்கவும் கூடாது என்பது என் கருத்து: அந்தப் பழைய விடையை நம்பி எழுதியவர்களைவிட, அறியாமல் அதில் சிக்கியவர்களே மிகுதி. மற்றபடி மொழி முன்னறிவித்தே நடக்கிறது. மொழியின் உள்ளமைந்த செயற்கூறுகளுக்கு, ‘நல்’ மதிப்பை (எதுவுமில்லை என்பதைக் குறிக்கும் மதிப்பை) ஏற்காத இடத்தில் அதைக் கொடுத்தால், தளர்வான முறையில் 8.1 பதிப்பு எச்சரித்துவிட்டு வேலையை முடித்துத் தருகிறது. பிழையாக்குவதைப் பின்னால் வரும் பெரும் பதிப்புக்கு விட்டிருக்கிறது. அந்த எச்சரிக்கைகளை வழங்கியின் அமைப்பில் அணைத்துவைக்காமல் பதிவுக் கோப்பில் சேரவிடுங்கள்; அடுத்து எந்தக் கோப்பைத் திருத்துவது என்பதை இளைஞர்களும் பெரியவரும் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.