மால்டன் போர்: தலைவன் விழுந்த பின்னும் ஏன் நின்றார்கள்?

"தலைவன் பிர்த்நோத் இறந்த பிறகும் வீரர்கள் ஓடாமல் நின்று சாவது முட்டாள்தனமாகத் தெரிகிறது, தேர்வில் இதை எப்படி எழுதுவது" என்று கேட்டிருந்தீர்கள். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு 'மால்டன் போர்' என்ற இந்தப் பழைய ஆங்கிலக் கவிதையை மறுபடி படித்துப் பாருங்கள், சட்டென்று புரியும்.

991இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், பிர்த்நோத்தின் ஆங்கிலேயப் படைக்கும் கடல்வழி வந்த வைக்கிங்குகளுக்கும் நடந்த சண்டை அது. மண்டபத்தில் தலைவன் தேன்மது கொடுப்பான், வாளும் குதிரையும் கொடுப்பான். பதிலுக்கு வீரன் உயிரைக் கொடுக்க வேண்டும். இளைஞன் எல்ஃப்வினே இதைத்தான் ஞாபகப்படுத்துகிறான்: பெஞ்சில் உட்கார்ந்து மது குடித்தபடி எவ்வளவு வீரம் பேசினோம், யார் துணிந்தவன் என்று இப்போது பார்க்கலாம் என்கிறான்.

அப்புறம் கோட்ரிக் என்ற வீரனைக் கவனியுங்கள். தனக்குப் பல குதிரைகளைப் பரிசளித்த தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். அதைப் பார்த்தவர்கள் தலைவனே ஓடுகிறான் என்று நினைக்க, வீரர்கள் கேடயங்களைச் சேர்த்துப் பிடித்து நின்ற அரண் உடைகிறது. என்னைக் கேட்டால், கவிதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். பதிலில் இதற்கே அதிக இடம் கொடுங்கள்.

தலைவன் மேல் குறையே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எதிரி ஆற்றைக் கடக்க அவன் வழிவிட்டது 'ஓஃபர்மோட்', அதாவது மிதமிஞ்சிய செருக்கால் என்று கவிஞரே சொல்கிறார். அப்படியிருந்தும் கிழவன் பிர்த்வோல்ட் அவன் உடலருகே சாகத்தான் விரும்புகிறான்.