அலசிய கிம்ச்சி

வாசகர் கேள்வி:

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 31. விளாத்திகுளம் பக்கம் சொந்த ஊர். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த கொரியரைக் காதலித்து, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடும் கல்யாணம் செய்துகொண்டேன். நான்கு வருஷமாகத் தென்கொரியாவில், குவாங்ஜுவில் இருக்கிறோம். ஒன்றரை வயதில் மகன். மாமியார் பக்கத்து ஊரான நாஜுவில் இருக்கிறார். மாதம் ஒரு முறையாவது போவோம்.

வெளிநாட்டுக்காரியால் கொரியச் சாப்பாடு சாப்பிட முடியாது என்று அங்கே எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். மாமியார் எனக்கு மட்டும், மிளகாய் தடவி ஊறவைத்த கோசுக் கிம்ச்சியைத் தண்ணீரில் அலசி, சிவப்பெல்லாம் போக்கி, தனிக் கிண்ணத்தில் வைக்கிறார். மற்றவர்களுக்கு எவர்சில்வர் குச்சி, எனக்கு முள்கரண்டி. பாக்கெட்டில் வரும் மஞ்சள் கறியைச் சுடவைத்து ‘உங்கள் ஊர்ச் சாப்பாடு’ என்று ஊற்றுகிறார். ‘இவள் இதைச் சாப்பிடுவாளா?’ என்று நாத்தனார் என் கணவரிடம் கேட்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது! நான் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். யார் என்ன கேட்டாலும் மரியாதையாகச் சிரித்து ‘கென்சனாயோ’ என்றுதான் சொல்கிறேன். அப்படியும் புரியவில்லை. போன டிசம்பரில் வருஷக் கிம்ச்சி போட்ட அன்றும், கை எரியும் என்று என்னைக் குழந்தையோடு அறைக்குள் அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் ஃபோன் பேசிப் பொழுதைப் போக்கினேன். என் கணவரை விட்டு மாமியாரிடம் கண்டிப்பாகப் பேசச் சொல்லலாமா?

- பெயர் வேண்டாம், குவாங்ஜு

பதில்:

‘கென்சனாயோ’ என்றால் என்ன அர்த்தம், சொல்லுங்கள் பார்ப்போம்.

‘பிரச்சினை இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்பீர்கள். சரி. ஒருவர் கிண்ணத்தை நீட்டி ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேட்கும்போது அதே சொல்லைச் சொன்னால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று அர்த்தம். நான்கு வருஷம் அங்கே இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. அதிலும் தமிழ் பேசுகிறவருக்கு. நம்மிடமும் அச்சு அசலாக இதே சொல் இருக்கிறதே, பரவாயில்லை என்று.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு பையன் வருகிறான். ‘சாம்பார்?’ என்கிறான். ‘பரவாயில்லைங்க’ என்கிறீர்கள். வாளி அடுத்த இலைக்குப் போய்விடும். ‘காரமெல்லாம் பரவாயில்லை, ஊற்றுப்பா’ என்றுதான் நான் சொன்னேன், இவனுக்குப் புரியவில்லையே என்று அப்புறம் நீங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால், தப்பு பையன் மேலா?

இதை எனக்கும் ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். என் மகன் அதே கொரியாவில், சுவோன் நகரில் வேலை பார்த்தபோது எட்டு மாதம் அவனோடு இருந்தேன். கீழ் வீட்டுப் பாட்டி வாரத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டி, மூடி போட்ட டப்பா ஒன்றை நீட்டுவார். மகன் கற்றுக்கொடுத்த ஒரே சொல்லை நான் பெருமையாகச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு டப்பாவோடு இறங்கிப் போவார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான்காவது வாரம் கதவு தட்டப்படவே இல்லை. அந்தக் கிழவிக்கு என்ன கோபமோ என்று மகனிடம் கேட்டேன். ‘நீதான் வேண்டாம் வேண்டாம்னு விரட்டியிருக்கே’ என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

நாத்தனாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் பத்துத் தரம் ‘கென்சனாயோ’ என்றாலும் உங்கள் மாமியார் காதில் போட்டுக்கொள்ளாமல் தட்டில் வைத்துவிடுவார். நம் அத்தைகள் செய்வதில்லையா? உங்கள் வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார். வெளிநாட்டுப் பெண் வேண்டாம் என்கிறாள், வற்புறுத்தினால் தப்பாகிவிடும் என்று பயம். உங்களை அவர் வெளிநாட்டுக்காரியாக நடத்துவது அந்த முள்கரண்டியில் இல்லை, இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அதற்கு மாதாமாதம் உரம் போடுவது உங்கள் சிரிப்பு.

அந்த எண்ணம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. ‘கிம்ச்சி சாப்பிட முடியுமா?’ என்று கேட்பதும், குச்சியைப் பிடித்துவிட்டால் சர்க்கஸ் பார்த்தமாதிரிப் பாராட்டுவதும் அங்கே உள்ளதுதான். ‘வேகுகின்’, அதாவது வெளிநாட்டுக்காரர் என்றால் அவர்கள் கண்முன் முதலில் வருவது ஒரு வெள்ளைக்காரர். அவருக்குக் காரம் ஆகாது என்பது முடிந்துபோன விஷயம். 2024 ஜூனில் டென்மார்க் அரசு புல்டாக் என்ற கொரியக் கார நூடுல்ஸில் மூன்று வகையை, காரம் அளவு மீறியது என்று கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்ததே, அப்புறம் வேறு சாட்சி எதற்கு? ஆனால் இதில் பெருமை மட்டும் இல்லை, பழைய கூச்சமும் இருக்கிறது. பிழைக்கப் போன நாடுகளில் கிம்ச்சி வாடைக்காகப் பேச்சுக் கேட்ட தலைமுறை அது. அந்த வயதுக்காரர் ‘உனக்கு ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்டால், பாதிக் கேள்வி ‘எங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்க மாட்டாயே?’ என்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், மிளகாயே அங்கே வேற்று நாட்டுச் சரக்கு. 1614-ல் யி சு-குவாங் என்ற அறிஞர் மிளகாயைப் பற்றி எழுதும்போது, கொடிய நஞ்சுள்ளது, ஜப்பானிலிருந்து வந்தது என்கிறார். அவர் அதற்குச் சொல்லும் பெயரின் பொருள் ‘தெற்கத்தி அந்நியர் மிளகு’. நமக்கும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து கொடுத்ததுதான். விளாத்திகுளத்து மிளகாய்க் காட்டைச் சொல்லி நீங்களும் ரொம்ப மார்தட்ட வேண்டாம்.

உங்கள் அம்மா கொரிய மாப்பிள்ளைக்கு முதல் நாள் என்ன பரிமாறினார்? எழுதாவிட்டாலும் நான் சொல்கிறேன். காரம் போடாமல் தனியாக ஒரு குழம்பு. எல்லாருக்கும் இலை, அவருக்கு மட்டும் தட்டும் ஸ்பூனும். கருவாட்டுச் சட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைத்திருப்பார், மாப்பிள்ளைக்கு வாடை ஆகாதே என்று. நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாற்றை ஊற்றித்தான் மாப்பிள்ளையின் அம்மா கிம்ச்சியே போடுகிறார் என்பது உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். வீட்டில் சொன்னீர்களா? அங்கேயும் ‘பரவாயில்லை’தானா?

அலசிய கிம்ச்சிக்கு வருகிறேன். அதை அவமானக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொரியாவில் கிம்ச்சியை யாருக்கு அலசிக் கொடுப்பார்கள் தெரியுமா? சின்னப் பிள்ளைகளுக்கு. பால்குடி மறந்து சோற்றுக்கு வந்த பிள்ளைக்கு, தாய் ஒரு கிண்ணத் தண்ணீரில் இலையை முக்கி, விரலால் சிவப்பை வழித்து, பொடியாகக் கிழித்துச் சோற்றின் மேல் வைப்பாள். கூடிய சீக்கிரம் உங்கள் மகனுக்கும் அதே கிண்ணத்தில் அலசுவார், பாருங்கள். அறுபதைத் தாண்டிய பெண்மணி, மாதாமாதம், மருமகளுக்காக உட்கார்ந்து இலை அலசுகிறார். எனக்கு வாய்த்த மாமியார் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை.

ஆனால் நான்கு வருஷம் குழந்தையாகவே இருந்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம்.

வருஷக் கிம்ச்சி போடுகிற நாள் என்றால் என்ன என்று நினைத்தீர்கள்? கிம்ஜாங் என்று அதற்குத் தனிப் பெயர். 2013-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது கிம்ச்சியை இல்லை, கூடிப் போட்டுப் பகிர்கிற அந்த வழக்கத்தை. சுவோனில் அந்தக் கீழ் வீட்டில் பார்த்தேன். முதல் நாளே உப்பில் ஊறப்போட்ட கோசுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முற்றம் மாதிரி விரித்த பிளாஸ்டிக் தாளில் மிளகாய்த் தூள், முள்ளங்கிச் சீவல், பூண்டு, இஞ்சி, உப்பு இறால், பசையரிசிக் கஞ்சி எல்லாம் கலந்த சிவப்பு மலை. சுற்றிப் பெண்கள், முழங்கை வரை ரப்பர் கையுறை. ஒவ்வொரு இலையாகத் தூக்கி உள்ளே தடவி, கடைசி இலையால் குழந்தையைப் போர்த்துவதுபோல் சுற்றி டப்பாவில் அடுக்கினார்கள். நடுநடுவே பாட்டி ஓர் இளம் இலையைக் கிள்ளி, அவித்த பன்றித் துண்டை அதில் வைத்துச் சுருட்டி, கையுறைக் கையோடேயே எதிரில் இருக்கிறவள் வாயில் திணிப்பார். கதவருகே நின்ற என் வாயிலும் திணித்தார். ‘கென்சனாயோ’ சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கோசைக் கொரிய மொழியில் கேட்டால் நம் காதில் ‘பேச்சு’ என்று விழும். உங்களிடம் இல்லாததே அதுதான்.

அப்படிப்பட்ட நாளில் வீட்டு மருமகள் அறைக்குள் ஃபோனில்! உங்கள் அம்மா மொட்டை மாடியில் வற்றல் போடுகிற அன்று, அண்ணி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் என்ன பேச்சுப் பேசியிருப்பீர்கள்? அனுப்பினார்கள் என்கிறீர்கள். போகாதே அம்மா! குழந்தையை நாத்தனார் மடியில் கொடுத்துவிட்டு உட்காரு. மருமகளை அடுப்படிக்குத் தள்ளுகிறேன் என்று என்னைத் திட்டிக் கடிதம் வரும். வரட்டும். ஒரு வீட்டுச் சாப்பாட்டில் உரிமை வேண்டுமென்றால் கை நனைய வேண்டும் என்பதில் நான் பழைய ஆள்தான். அது ஆணுக்கும் சேர்த்து.

அதனால் உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. ‘சாப்பிடுவாளா?’ என்று அக்கா கேட்டபோது அவர் என்ன பதில் சொன்னார்? எழுதவே இல்லை. நீங்கள் சொன்ன ‘கென்சனாயோ’ அங்கே எப்படிக் கேட்கும் என்று அந்த மேஜையில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அவர். நான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டு சூப் குடித்திருக்கிறார். அவரை விட்டு அம்மாவைக் கண்டிக்கச் சொல்ல வேண்டாம். நீங்கள் அவரைக் கண்டியுங்கள், வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு. மாமியாரிடம் பேச வேண்டியது நீங்கள்தான், அவர் மொழியில். ‘அப்பா’ என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் பெருமைப்பட்டது போதும், அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

மூன்றே சொல் தருகிறேன். கிண்ணத்தை நீட்டினால் ‘தொ ஜுசேயோ’, இன்னும் கொடுங்கள். காரமாயிற்றே என்றால் ‘ஜால் மொகொயோ’, நன்றாகவே சாப்பிடுவேன். மூன்றாவதுதான் முக்கியம்: ‘மொன் மொகொயோ’, என்னால் முடியாது. அதைச் சொல்லக் கற்றுக்கொண்டால்தான் மற்ற இரண்டையும் நம்புவார்கள். நாஜுவில் யொங்சான்போ என்று ஒரு பழைய ஆற்றுத் துறை இருக்கிறது. புளிக்கவைத்த திருக்கை மீனுக்குப் பேர்போன இடம். வாயில் வைத்தால் அமோனியா மூக்கில் ஏறும். அந்தப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் விருந்தே இல்லை. சியோல்காரர்களில் எத்தனையோ பேர் அதைக் கண்டாலே எழுந்து ஓடுவார்கள். அவர்களை யாரும் வேகுகின் என்பதில்லை. அதை வைத்து வீரம் காட்டப் போகாதீர்கள். பிடித்தால் சாப்பிடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது சொல்லைச் சொல்லுங்கள்.

மஞ்சள் கறி பாக்கெட்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அடுத்த முறை ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போய், ‘ஒமொனி (அம்மா), இன்று நான் சமைக்கிறேன்’ என்று உங்கள் ஊர்க் குழம்பை அவர் அடுப்பில் வையுங்கள். காரத்தைக் குறைக்காதீர்கள். அவருக்கு ஆகாது என்று நீங்களாக முடிவு கட்டினால், அவரைக் குறை சொல்லி எனக்கு எழுதக் கூடாது.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. போகும்போது கையுறை வாங்கிக்கொண்டு போங்கள், ரோஸ் நிறத்தில், முழங்கை வரை வருவது. உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி, பெரிய அளவில்.